அக்காகிட்ட கேளுங்க: மனசு சரியில்லாதவங்கள வீட்டுல வச்சு பாக்குறவங்க எழுதின கேள்விகள்

போன இதழ்ல, மனநோய் உள்ள சொந்தக்காரங்கள வீட்டுல வச்சு பாக்குறவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பேர் போடல, சிலது பிள்ளைங்க கொப்பியில கிழிச்ச தாள்ல வந்திருக்கு. எல்லாரும் நோயாளியப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு, தன்னப் பத்தி கடைசி வரியில மட்டும் ஒரு வார்த்த எழுதியிருக்காங்க. எனக்கு அந்த கடைசி வரிதான் முக்கியமா பட்டுச்சு, அதனால பதில அங்கருந்தே தொடங்குறேன். ஆள அடையாளம் காட்டுற விசயங்கள மாத்தியிருக்கேன்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 27 வயசு. கொழும்புல கடையில நின்னான், தீவாளிக்கு வரும்போது எங்க புள்ளைங்களுக்கு சப்பாத்து வாங்காம வரமாட்டான். ஒருநாள் திடீர்னு வேலைய விட்டுட்டு வந்து நின்னான், எல்லாரும் என்னப் பத்தியே பேசுறாங்க, போனுக்குள்ள இருந்து ஒட்டு கேக்குறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சான். டொக்டர் மனச்சிதைவுன்னு சொன்னாங்க. லயத்துல ரெண்டு காம்பராவுல நான், வீட்டுக்காரர், ரெண்டு புள்ளைங்க, அம்மா, இவன். ராவெல்லாம் இஸ்தோப்புல நடப்பான், விடிஞ்சா நான் பெரட்டுக்கு, மலை வேலைக்கு பேர் குடுக்க, போகணும். இப்ப குளிக்க சொன்னா குளிக்கிறதில்ல, பகல்ல படுத்தே கெடக்குறான், மருந்து குடிக்க வைக்கிறதுக்குள்ள ஒரு சண்ட. அண்ணன் கொழும்புல, அக்கா குவைத்ல, ரெண்டு பேரும் போன்ல நல்லா பாத்துக்கோன்னு சொல்றதோட சரி. போன மாசம் சோத்துக் கோப்பைய தூக்கி எறிஞ்சான், அப்ப மனசுக்குள்ள இவன் செத்துப்போனா நிம்மதின்னு நெனச்சுட்டேன்கா. அதுக்கப்புறம் மாரியம்மன் கோயிலுக்கு போக காலு வரல. நான் கெட்டவளா?
(பெயர் வேண்டாம், தலவாக்கலை பக்கம்)

பதில்: இல்ல தங்கச்சி. நீங்க நெனச்ச அதே நெனப்ப இந்த தடவ வேற கையெழுத்துலயும் வாசிச்சேன், ஒரு அம்மா தான் பெத்த மகளப் பத்தி எழுதியிருந்தாங்க. ராத்தூக்கம் இல்லாம, எப்ப முடியும்னு தெரியாம, கைமாத்த ஒரு ஆள் இல்லாம வருசக்கணக்குல ஓடுற எந்த மனுசருக்கும் அது வரும். அவன் மேல பாசம் போயிருந்தா இப்பிடி ஒரு கடிதம் எழுதியிருக்கவே மாட்டீங்க. ஒங்களுக்கு முடியணும்னு இருக்கறது இந்த நெலம. கோயிலுக்கு போங்க, போயி ஆத்தாகிட்ட அதையே வாய்விட்டு சொல்லுங்க, பெத்தவகிட்ட சொல்ற மாதிரி. ஆனா கை ஓங்குற அளவுக்கு கோவம் வந்தாலோ, நாமளே செத்துப் போயிரலாம்னு ஒங்களுக்கே தோணுனாலோ அன்னைக்கே யாருகிட்டயாவது பேசுங்க, 1926ன்னு ஒரு நம்பர் இருக்கு, தேசிய மனநல நிறுவனத்தோடது, ராப்பகலா எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நோயாளிக்கு மட்டும்தான்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, பாத்துக்கிறவங்களும் பேசலாம்.

இன்னொன்னு, நீங்க எழுதல ஆனா அந்த சப்பாத்து வரியில இருக்கு. தம்பி கண்ணு முன்னால இருக்கான், ஆனா சப்பாத்து வாங்கிட்டு வந்த தம்பிய காணோம். செத்தவங்களுக்கு ஒப்பாரி வைக்க, பதினாறு கும்பிட நம்மகிட்ட முறை இருக்கு, நாலு பேரு வந்து பக்கத்துல ஒக்காருவாங்க. உயிரோட இருக்கறவன தொலைச்சதுக்கு எந்த முறையும் இல்ல, யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டாங்க, வந்தா "இவன அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதானே"ன்னு அவன் காதுபடவே சொல்லிட்டு போவாங்க. அதுவும் லயத்துல, 10க்கு 12 அடி காம்பராவுல, பக்கத்து வீட்டுல இருமினாகூட இங்க கேக்கும், அழுறதுக்கு ஒரு மூலை இல்ல. மலையில கொழுந்து எடுக்கும்போது நெறய பேர் அழுவாங்கன்னு எனக்கு தெரியும். அழுங்க, அது ஒங்களுக்கு வேணும்.

இப்ப அவன் விசயத்துக்கு வாறேன். குளிக்காம படுத்தே கெடக்குறது சோம்பேறித்தனம்னு தோணும், தோணாம இருக்காது, நீங்க வெயில்லயும் மழையிலயும் நின்னுட்டு வந்து பாக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனா மனச்சிதைவுல ரெண்டு பக்கம் இருக்கு. இல்லாத குரல் கேக்குறது, சந்தேகப்படுறது ஒரு பக்கம், அது மருந்துல ஓரளவு சீக்கிரமா அடங்கும். ஆசை, சுறுசுறுப்பு, முகத்துல சிரிப்பு எல்லாம் வத்திப்போறது மத்த பக்கம், அது லேசுல போகாது. அதுக்கு மேல மருந்தோட மப்பும் இருக்கும். கை நடுக்கம், ஒடம்பு வெறச்சுப்போறது, எச்சில் வடியிறது இருந்தா கிளினிக்ல கட்டாயம் சொல்லுங்க, அத கொறைக்க மாத்திர இருக்கு, அளவையும் மாத்தலாம். ஒரு வேள அவன் மருந்துக்கு சண்ட பிடிக்கிறதே அந்த தொந்தரவால இருக்கலாம், அவன் சொல்லத் தெரியாம எறியிறான்.

தினமும் மாத்திரைக்கு போராடுறது ஒங்களையும் கொல்லுது அவனையும் கொல்லுது. ரெண்டு வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒருக்கா போடுற ஊசி இருக்கு, அவனுக்கு சரிவருமான்னு டொக்டர்கிட்ட கேளுங்க. சரிவந்தா வீட்டுல அந்த சண்டையே இல்லாம போயிரும். ராவுல நடக்குறதையும் சொல்லுங்க, மப்பு தர்ற மாத்திரைய ராவுக்கு மாத்திக் குடுக்கலாம், அதுல ஒங்க தூக்கமும் இருக்கு.

1950கள்ல லண்டன்ல ஜோர்ஜ் பிரவுன்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு போன நோயாளிங்கள தொடர்ந்து பாத்தாரு. பெத்தவங்க கிட்டயோ பொண்டாட்டி கிட்டயோ போனவங்களுக்கு, வாடக ரூம்ல தங்கினவங்கள விட நோய் திரும்பி வந்தது அதிகமா இருந்துச்சு. அது ஏன்னு அவரும் பின்னால வந்தவங்களும் தேடிப் பாத்தப்ப, வீட்டுல ஓயாம குத்தம் சொல்றது, வெறுப்பு காட்டுறது, ஒரு நிமிசமும் விடாம பொத்திப் பொத்தி பாக்குறது, இதெல்லாம் அதிகமா இருக்குற வீட்டுல நோய் திரும்ப வர்றது கூடன்னு தெரிஞ்சுச்சு. இத வாசிச்சுட்டு என்னால தான் தம்பிக்கு இப்பிடின்னு ஒரு பாரத்த தூக்கி தலையில வச்சுக்காதீங்க, தயவுசெஞ்சு. நோய் வந்தது ஒங்களால இல்ல. தூங்காத மனுசி எரிஞ்சு விழாம என்னா செய்வா? அதுனாலதான் நான் சொல்றது, நீங்க தூங்கறதும் தனியா கொஞ்ச நேரம் இருக்கறதும் அவனோட வைத்தியத்துல சேந்தது, அத கேக்க நீங்க கூச்சப்படவே கூடாது.

அண்ணன் அக்கா விசயத்துல எனக்கு கோவமே வருது. தோட்டத்துல தங்கிட்ட பொம்பளைதான் எல்லாத்தையும் பாக்கணும்னு யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான் முடியுது. "நீங்களும் பாருங்க"ன்னு பொதுவா சொன்னா சரி சரின்னுட்டு போன வச்சிருவாங்க, வேலைய பிரிச்சு பேரு சொல்லி குடுங்க. கிளினிக் நாளு முன்னாடியே தெரியும், கொப்பியில தேதி போட்டு தருவாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்த நாளுக்கு அண்ணன் லீவு போட்டு வந்து கூட்டிட்டு போகட்டும். நீங்க போற நாளுக்கு ஒங்களுக்கு பேர் விழாது, கூலி இல்ல, பஸ் காசு வேற, அந்த நாள் சம்பளத்த அக்கா அனுப்பட்டும், தர்மமா கேக்கல, கணக்கா கேளுங்க. வருசத்துல ஒரு வாரமாவது தம்பி அண்ணன் வீட்டுல இருக்கட்டும், டொக்டர்கிட்ட கேட்டுட்டு. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு வாயால சொல்லட்டும். வீட்டுக்காரர்கிட்டயும், வாரத்துல ரெண்டு ராவு அவர் முழிச்சிருக்கணும்னு கிழமைய சொல்லி கேளுங்க.

சின்ன கொப்பி ஒன்னு வச்சு அவன் எத்தன மணிக்கு தூங்கினான், மருந்து குடிச்சானா, என்னா பேசினான்னு ரெண்டு வரி எழுதி வைங்க. நோய் திரும்ப வரும்போது நெறய பேருக்கு மொதல்ல தூக்கம்தான் கொறையும், ரெண்டு மூணு ராவு வழக்கத்த விட மோசமா போச்சுன்னா கிளினிக் நாள் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

கேள்வி: நான் ஏ.எல். படிக்கிறேன். அம்மாவுக்கு இருமுனை நோய். ஒரு நேரம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி வீடு பூரா கழுவுவாங்க, சீட்டுக்காச எடுத்து சாறி வாங்குவாங்க, பிறகு மாசக்கணக்கா எழும்பவே மாட்டாங்க. லித்தியம் குடிக்கிறாங்க. அம்மா சிரிச்சா எனக்கு பயமா இருக்கு. அப்பா இல்ல, சமையல், தங்கச்சி எல்லாம் நான்தான். எனக்கும் இது வருமா? வகுப்புல யாருக்கும் தெரியாது.
(மாணவி, பதுளை மாவட்டம்)

பதில்: மகளே, மொதல்ல வருமாங்கிறதுக்கு. அம்மா அப்பாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு நூத்துக்கு பத்து அளவு, அப்ப நூத்துல தொண்ணூறு பேருக்கு வராது. வந்தாலும் இப்ப மருந்து இருக்கு, நேரத்தோட பாத்தா படிச்சு வேல செஞ்சு குடும்பம் நடத்துற ஆளுங்க நெறய பேர் இருக்காங்க. ராக்கண் முழிச்சு முழிச்சு படிக்காத, தூக்கத்த மட்டும் விடாத, ஒனக்கு அது மத்த பிள்ளைங்கள விட முக்கியம்.

அம்மா சிரிக்கும்போது பயம் வர்றது பத்தி எழுதியிருக்க. அத வாசிச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேல ஓடல. நல்ல சந்தோசத்துக்கும் நோய் ஏறுறதுக்கும் வித்தியாசம் இருக்கு: தூங்காம இருந்தும் களைப்பு இல்லாம, மூச்சு விடாம பேசி, காச வாரி எறைச்சா அது நோய். நல்லா தூங்கி எழும்பி ஒன்னப் பாத்து சிரிச்சா அது ஒங்க அம்மா, கூட சிரி.

லித்தியம் பத்தி மூணு விசயம். ரத்தப் பரிசோதனைய தவற விடக்கூடாது, அளவு கூடினா விசமாகும். வாந்தி வயித்தோட்டம் வந்து ஒடம்புல தண்ணி கொறைஞ்சாலோ, கை ரொம்ப நடுங்கி நடை தடுமாறினாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்கு போகணும். கால் வலி மூட்டு வலின்னு கடையில இபுபுரோபென் மாதிரி வலி மாத்திர வாங்கி குடுக்கக்கூடாது, அது லித்தியத்த கூட்டும், கொழுந்து கூட தூக்கி முதுகு வலிக்குதுன்னு கேப்பாங்க, டொக்டர்கிட்ட கேட்டு வேற வாங்கிக்க.

ஆனா இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்து பிள்ள தனியா சுமக்கக்கூடாது. ஒனக்கு நம்பிக்கையான ஒரு டீச்சர்கிட்ட சொல்லு, ஒருத்தர்கிட்ட மட்டும். பெரியம்மாவோ மாமியோ யாராவது ஒருத்தர் அம்மா நல்லா இருக்குற நேரம் வந்து ஒக்காந்து, நோய் ஏறினா காசு யாரு கையில இருக்கணும், யாரு கூட்டிட்டு போகணும்னு அம்மாகிட்டயே கேட்டு பேசி வைக்கணும். அத அம்மாவே சொல்லி வச்சிருந்தா அன்னைக்கு சண்ட கொறையும். நீ பரீட்சைய எழுது. அம்மாவ பாக்குறதுக்காக நீ படிப்ப விட்டா நாளைக்கு ஒங்க அம்மாவும் அத நெனச்சு நெனச்சு நோகுவாங்க.

கேள்வி: கிளினிக்ல டொக்டர் சிங்களத்துல கேக்குறாரு. எனக்கு கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான் வரும். பத்து வயசு மகன்தான் தாத்தாவோட விசயத்த சொல்லுறான். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருது. போயும் போகாத மாதிரி இருக்கு.
(ஹட்டன்)

பதில்: பிள்ளைய அந்த வேலைக்கு விடாதீங்க தம்பி. "நான் சாகணும்"னு தாத்தா சொன்னத ஒரு பத்து வயசு பையன் மொழிபெயர்த்து சொல்ல நேர்ந்தா அவன் மனசு என்னாகும், அதோட பெரியவங்களும் பிள்ள முன்னால பாதிய மறைப்பாங்க. சிங்களம் தெரிஞ்ச பெரிய ஆள் யாராச்சும், தோட்டத்து டிஸ்பென்சரியில வேல செய்யிறவங்களோ, நம்பிக்கையான கூட்டாளியோ ஒரு தடவ கூட வரட்டும். அது முடியாட்டி முன்னாடியே சிங்களத்துல அஞ்சாறு வரி எழுதி வாங்கி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சு குடுங்க: தூக்கம், சாப்பாடு, மருந்து, பயம் தர்ற பேச்சு, பக்க விளைவு. ரெண்டு நிமிசத்துல டொக்டர் வாசிக்க அது போதும். வார்டுல தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ் இருந்தா கூப்பிட சொல்லி கேளுங்க, கேக்க பயப்படாதீங்க, 1987ல வந்த அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துலயே தமிழும் அரச கரும மொழின்னு வந்தாச்சு. ஒரு மனசுக்கு வைத்தியம் பாக்குற எடத்துல கூட நம்ம பாஷைக்கு ஆள் தேடி அலையணும்னா அது பெரிய அநியாயம்.

கேள்வி: என் மனைவிக்கு நோய்ன்னு டொக்டர் சொன்னாலும் மாமியார் செய்வினைன்னு சொல்லி பூசாரிகிட்ட கூட்டிட்டு போறாங்க. மருந்த நிப்பாட்ட சொல்றாங்க. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.
(மஸ்கெலியா)

பதில்: மாமியாரோட சண்ட பிடிக்காதீங்க, அவங்களும் தாய், பயத்துல ஓடுறாங்க. கயிறு கட்டட்டும், திருநீறு போடட்டும், விளக்கு ஏத்தட்டும், அதுல மனைவிக்கும் ஒரு தெம்பு வரலாம். ரெண்டு விசயத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது: மாத்திரைய நிப்பாட்டுறது, அடிக்கிறது கட்டிப்போடுறது சூடு வைக்கிறது. ஒரு தடவ மாமியாரையே கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க. டொக்டர் வாயால கேக்கும்போது மாறினவங்க உண்டு.

கேள்வி: என் மகன் மருந்து குடிச்சு சாகப் பாத்தான், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. காப்பாத்தியாச்சு. பொலிஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரியில தவறுதலா குடிச்சான்னு சொன்னோம். இப்ப அவன ஒரு நிமிசமும் தனியா விடுறதில்ல, கதவு சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குது. வெளிய சொல்ல முடியல, சாயங்காலமானா கசிப்பு சாராயம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது.
(ஒரு அப்பா, நுவரெலியா பக்கம், மரக்கறித் தோட்டம்)

பதில்: அண்ணே, கேஸ் பயம் இனி வேண்டாம். தற்கொலைக்கு முயற்சி செஞ்சா குத்தம்னு இருந்த சட்டத்த 1998லயே எடுத்தாச்சு. போய் உண்மைய சொல்லுங்க, தவறுதலா குடிச்சான்னு எழுதினா வயித்த கழுவி அனுப்பிருவாங்க, மனசுக்கு வைத்தியம் கெடைக்காது. நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல மனநல பிரிவு இருக்கு, மருந்தும் இலவசம்.

அதுக்கும் முன்ன, இன்னைக்கே ஒரு வேல செய்யணும். தோட்டத்து மருந்து ஒரு போத்தல்கூட வீட்டுல இருக்கக்கூடாது, வேற ஒருத்தர் பொறுப்புல பூட்டி வைங்க, சாவி மகனுக்கு தெரியாத எடத்துல. சாக நெனைக்கிறவன் வேற வழி தேடுவானேன்னு சொல்லுவாங்க, அது தப்பு. 1995ல நம்ம நாட்டுல லட்சத்துல 47 பேர் தற்கொல செஞ்சு செத்தாங்க, ஒலகத்துலயே மோசமான கணக்குல ஒன்னு. கொடிய விசம் உள்ள பூச்சி மருந்துங்கள, பெறகு பராகுவாட் மாதிரி களைக்கொல்லியையும் ஒவ்வொன்னா தடை செஞ்சாங்க, 20 வருசத்துல அந்த கணக்கு 70 வீதம் கிட்ட கொறைஞ்சுது. கைக்கு எட்டாம போன அந்த கொஞ்ச நேரத்துல மனசு மாறி எத்தனையோ பேர் பொழைச்சிருக்காங்க. அவனுக்கு குடுக்குற மாத்திரையும் ஒங்க கையில இருக்கட்டும்.

சாகுற நெனப்பு இருக்கான்னு அவன்கிட்டயே கேளுங்க. கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிரும்னு பயப்படுறீங்க, அப்பிடி ஆகாது, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு ஒரு பாரம் எறங்கும். திட்டாம கேளுங்க, பதில் வரலன்னாலும் பக்கத்துல இருங்க. மறுபடி அவசரம் வந்தா 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

ஒரு நிமிசமும் விடாம காவல் இருக்கறது ஒங்க ஒருத்தரால முடியிற காரியம் இல்லண்ணே, அதுக்குத்தான் கசிப்பு கேக்குது. அவங்க அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு பெரியவர் ஒருத்தர், மூணு பேருகிட்டயாச்சும் உள்ளத சொல்லி நேரத்த பிரிங்க, டொக்டர் எவ்வளவு நாளைக்கு இப்பிடி பாக்கணும்னு சொல்லுவாங்க, அது சாகுற வரைக்கும் இல்ல. நெஞ்சு அடிக்கிறதையும் தூக்கம் இல்லாததையும் அதே கிளினிக்ல ஒங்களுக்குன்னு சொல்லுங்க, ஒங்க பேருக்கும் ஒரு கொப்பி போடுவாங்க. தெனமும் குடிச்சு பழகியிருந்தா கசிப்ப ஒரே நாள்ல நிப்பாட்டாதீங்க, ஒடம்பு நடுங்கி வலிப்பு வரலாம், அதையும் டொக்டர்கிட்ட சொல்லி கொறைச்சுக்கிட்டு வாங்க. மகன் தூங்கின பிறகு குடிச்சா அவனுக்கு தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ஒங்க மனைவிய எழுத சொல்லுங்க, அவங்க எப்பிடி இருக்காங்கன்னு ஒங்க கடிதத்துல ஒரு வரி கூட இல்ல.